நீ பிரிக்கச் சொன்ன வரிசைகள்

சரவணா,

நான் கோபமாக இருக்கிறேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், பாதி படித்துவிட்டு உன் பெண்டாட்டி ஷாமினியிடம் போய் "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல போல" என்று நீ சொல்லக் கூடாது. உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் தோசை சுட்டுச் சாப்பிட்டேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன், என் துளசித் தொட்டியைக் கிளறிய பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்தினேன். இது கோபம்தான். போனில் பேசலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் "அம்மா, ரிலேக்ஸ் லா" என்பாய். குரல் செய்தி அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். ஒருநாள் காரில் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாய், பின்சீட்டில் நான் உட்கார்ந்திருந்ததையே மறந்துவிட்டு. என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. என் கையெழுத்து இப்போது இருக்கும் லட்சணத்துக்கு நீ எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும். படி.

போன ஞாயிற்றுக்கிழமை செமினியில் உன் வீட்டில் என் பிறந்தநாளைக் கொண்டாடினாய். சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள், உன் ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள். கேக் வெட்டி முடித்ததும் பளபளவென்று தாள் சுற்றிய ஒரு பெட்டியை என் மடியில் வைத்தாய். வைத்துவிட்டு நாலடி பின்னால் போய்க் கைப்பேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாய். தாளைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே என் சால்வை. எனக்கென்று நான் பின்னிக்கொண்டிருந்த சால்வை. பாதியில், ஊசியோடு, என் சிவப்புத் துணிப்பைக்குள் கிடந்தது அது. இப்போது முழுசாக முடிந்து, அலசி, இஸ்திரி போட்டு, விளிம்பில் மணியெல்லாம் வரிசையாக மின்ன மடித்து வைக்கப்பட்டிருந்தது. "அம்மா பாதியில விட்டத நான் முடிச்சுக் கொடுத்துட்டேன்" என்று கைப்பேசியைப் பார்த்துச் சொன்னாய். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வீடியோவை நீ இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டும்விட்டாய். இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கீழே ஒருத்தி எழுதியிருக்கிறாள். வந்து கூட்டிக்கொண்டு போ என்று அவளுக்குப் பதில் போடலாமா என்று யோசித்தேன்.

முதலில் அந்தப் பையைப் பற்றிப் பேசுவோம். வாரக்கணக்கில் அதைத் தேடினேன் நான். அலமாரியைக் காலி செய்தேன், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், குப்பையோடு குப்பையாக நானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேனோ என்று பயந்தேன். உனக்குப் போன் செய்து கேட்டேன். "எங்கயாச்சும் வச்சிருப்பீங்க லா மா, நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றாய். நான் நல்லாத்தான் யோசித்தேன். கை நடுங்குவது போதாதென்று ஞாபகமும் போக ஆரம்பித்துவிட்டது என்று யோசித்தேன். மருத்துவமனைக்குப் போன அன்று டாக்டரிடமே சொன்னேன், வைத்த இடம் மறந்துபோகிறது என்று. பாவம், அந்தப் பெண் அதை ரொம்பவும் சீரியஸாக எடுத்துக்கொண்டு என்னைக் கடிகாரம் வரையச் சொன்னாள். இன்றைக்கு என்ன கிழமை, நாட்டின் பிரதமர் யார் என்றெல்லாம் கேட்டாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் உன்னிடம் சொன்னேன். நீ ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் இல்லம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சிரித்தாய். அப்போது என் பை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், எடுத்துக்கொண்டு போனவனே நீதான். சர்ப்ரைஸ் கெட்டுவிடக் கூடாதே என்று, என் புத்தி கெட்டுவிட்டது என்று என்னை நம்பவிட்டாய். நல்ல பிள்ளைதான் போ.

அந்தச் சால்வை எனக்கு என்னவென்று உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, நான் சொன்னதில்லை. துறைமுகத்துப் பக்கம் கப்பலில் சரக்கு அனுப்புகிற ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் டெலிபோன் பார்த்தவள் நான். கப்பல் கம்பெனிக்காரன் லைனில் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் காணாமல் போய்விடுவான். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் பின்னிக்கொண்டிருப்பேன். அங்கே யார் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தாலும் என் ஊசி வெளியே வந்துவிடும். மலாய்க்காரப் பெண்களின் பிள்ளைகளுக்கும் சீனப் பெண்களின் பிள்ளைகளுக்கும் தொப்பியும் காலுறையும் பின்னிக் கொடுத்தேன். தீபாவளி வந்தால் மணித் தோரணம், யாராவது வீடு கட்டினால் மணித் தோரணம். உன் வீட்டு வாசலில் தொங்குவதும் நான் கோர்த்ததுதான். புதுமனை புகுவிழா அன்று கடைசிச் சரத்தைக் காரில் வரும்போது கோர்த்தேன், உனக்கு நினைவிருக்கும், "இன்னும் முடியலயா" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாய். இத்தனை வருடத்தில் எனக்கென்று ஒன்றும் பின்னிக்கொண்டதில்லை. தியாகம் கியாகம் எல்லாம் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். இந்த ஊரில் வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே போனால் குளிரில் பல் கிட்டிக்கொள்ளும். பிரஷர் பார்க்கப் போன மருத்துவமனையில் டாக்டருக்காகக் காத்திருந்து காத்திருந்து விறைத்துப்போய் ஒருநாள் முடிவு செய்தேன், நமக்கே நமக்கென்று ஒரு சால்வை பின்னிக்கொள்வோம் என்று. தேங்காய்ப்பால் நிறத்தில் பருத்தி நூல் வாங்கினேன். விளிம்புக்கு மயில்பச்சை மணி.

ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. அதை நீ அறிவாய். நீ அறியாதது, அதற்குப் பிறகு நான் எப்படிப் பின்னினேன் என்பது. காலை மாத்திரை போட்டுச் சற்று நேரம் போனால் கை கொஞ்சம் அடங்கும். அந்த நேரத்தை நான் சமையலுக்குக் கொடுப்பதில்லை, குளியலுக்குக் கொடுப்பதில்லை, உன் போனுக்குக்கூடக் கொடுப்பதில்லை. அதனால்தான் காலையில் நீ கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை. முழங்கை இரண்டையும் நாற்காலிக் கைப்பிடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, தடித்த மூங்கில் ஊசியால், ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துப் பிடித்துப் போடுவேன். மணியை முன்கூட்டியே நூலில் கோர்த்து வைத்துக்கொண்டு பின்னும்போது ஒன்றொன்றாக உள்ளே தள்ள வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் வெல்வெட் துணியை வைத்து, அதில் மணியைக் கொட்டி, ஊசிமுனையால் குத்திக் குத்தி எடுத்துக் கோர்த்தேன். கோர்த்து முடிக்கவே தீபாவளியிலிருந்து தைப்பூசம் வரை ஆனது. சிந்திய மணியைப் பொறுக்க நான் தரையில் உட்கார்ந்தால், எழுந்திருக்க இன்னொரு அரை நாள். வரிசைகள் கோணலாகத்தான் வந்தன. ஒரு கண்ணி இறுக்கம், ஒரு கண்ணி தொளதொள. சால்வையை விரித்துப் பிடித்தால் எந்த இடத்தில் நோய் வந்தது என்று யார் வேண்டுமானாலும் விரல் வைத்துக் காட்டலாம். அதற்குக் கீழே இருந்தது என் ஒரு வருடம். கை நேராக இருந்த காலத்தில் நான் செய்த எதையும் பார்த்து எனக்கு இவ்வளவு கர்வம் வந்ததில்லை, சொன்னால் சிரிப்பாய்.

முடியாமல் கிடப்பதைக் கண்டால் உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஒரு வருடம் தோரணம் கோர்த்துக்கொண்டிருந்தேன், பாதிதான் ஆகியிருந்தது, அடுப்பில் ஏதோ தீய்கிறதென்று எழுந்து போனேன். திரும்பி வந்தால் நீ நூலை அறுத்து, முடிச்சுப் போட்டு, முக்காலியில் ஏறி வாசலில் மாட்டிக்கொண்டிருந்தாய். "முடிஞ்சிருச்சு மா" என்றாய், அவ்வளவு பெருமையாக. வாசலில் பாதிக்குத் தோரணம், மீதிக்கு வெறும் ஆணி. நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வருடம் வந்தவர்களிடமெல்லாம் கதை சொன்னோம். அப்போது உனக்கு ஏழு வயது, அதற்குச் சிரிக்கலாம். இப்போது நீ அப்பாவாகப் போகிறவன்.

கேக் சாப்பிட்டு எல்லாரும் கிளம்பிய பிறகு சால்வையை விரித்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே சீர். என் வரிசை எங்கே முடிந்து இன்னொருத்தி வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடினேன், அகப்படவில்லை. அடியில் இருந்த என் கோணல் எங்கே போயிற்று என்று கேட்டால், "எல்லாம் சரி பண்ணியாச்சு" என்றாய். பைக்குள் இன்னொன்று இருந்ததே, குழந்தைப் போர்வை, அது எங்கே என்று கேட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில், சால்வையை முடித்துக் கொடுத்த ஒரு அக்காவிடம் இருக்கிறது, வளைகாப்புக்குள் ரெடியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்றாய். அந்த அக்காவின் விலாசம் கொடு என்றேன். "எதுக்குமா அலையறீங்க, நான் பார்த்துக்கறேன்" என்றாய். மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாய். எனக்கு வேண்டியது விலாசம், ஆறுதல் இல்லை.

அந்தப் போர்வைக்கு நான் ஏன் அப்படித் துடித்தேன் என்று உனக்குப் புரிந்திருக்காது. ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கண்ணில் படுவதில்லை. வளைகாப்பு அன்று ஷாமினியை மனையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையல் போடுவார்கள். அவள் அம்மா போடுவார், சித்தி போடுவார், எதிர்வீட்டு ஆன்டி போடுவார். நான் போடக் கூடாது. உன் அப்பா போன பிறகு அந்த வரிசையில் எனக்கு இடமில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், சந்தனக் கிண்ணத்தை என்னைத் தாண்டி அடுத்தவளிடம் நீட்டுவார்கள், அவ்வளவுதான். உன் பெரியப்பா மகள் வளைகாப்பில் அப்படித்தான் நடந்தது. நான் தண்ணீர் பாட்டில் எடுத்து வைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். என் பேரப்பிள்ளை வருகிறது, அதற்கு என் கையால் நான் செய்யக்கூடியது அந்தப் போர்வை ஒன்றுதான். மஞ்சள் நூல், மணி கிடையாது, குழந்தை வாயில் வைத்துவிடும் என்று. முதல் கண்ணியிலிருந்தே நடுங்கும் கையால் போட்டது. ஒரு கையை ஊர் வேண்டாம் என்றது. இன்னொரு கையை நீ வேண்டாம் என்றாய்.

விலாசம் ஷாமினி அனுப்பினாள். ஒரு வார்த்தை எழுதவில்லை, விலாசம் மட்டும். அவளைத் திட்டாதே. திட்டினாய் என்று தெரிந்தால் அடுத்த கடிதம் இதைவிட நீளமாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மாத்திரை போட்டுவிட்டுக் கிளம்பினேன். பண்டமாரானிலிருந்து கிள்ளான் ஸ்டேஷன் வரை பக்கத்து வீட்டு அங்கிள் கொண்டுவந்து விட்டார். கொம்யூட்டர் ரயிலில் அந்தப் பாழாய்ப்போன குளிர். சால்வை என் கைப்பையில்தான் இருந்தது. போட்டுக்கொள்ளவில்லை. ஷா ஆலம் தாண்டும்போது மூக்கு ஒழுகியது, அப்போதும் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண் என்னைப் பார்த்து ஒதுங்கி வெயில் பக்கம் இடம் கொடுத்தாள். பெற்ற பிள்ளைக்கு இல்லாத இங்கிதம். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, வழி கேட்டு, பூக்கடைகளைத் தாண்டி, பழைய அடுக்குமாடிக்குப் போய், லிஃப்ட் வேலை செய்யாமல் படியேறி, மூச்சு வாங்க அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். லலிதா என்று பெயர், கல்யாண ரவிக்கைகளுக்கு மணி வேலை செய்கிறவள், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள் இருப்பாள். யார் வேண்டும் என்றாள். சரவணனோட அம்மா என்றேன். எந்தச் சரவணன் என்றாள். கைப்பையிலிருந்து சால்வையை எடுத்துக் காட்டினேன். அவள் சால்வையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்தத் தம்பியோட அம்மா இறந்துட்டாங்கல்ல?"

படித்தாயா? இன்னொரு தடவை படி. ஏறி வந்த படியெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. இல்லம்மா, இன்னும் இல்லை என்றேன். அவள் கதவைத் திறந்து என் கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொண்டுவந்தாள். அவள் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்வது.

"அந்தத் தம்பி பைய வச்சாரு. எங்கம்மாவோடது, அவங்களால முடிக்க முடியலன்னு சொன்னாரு, சொல்லும்போதே கண்ணு கலங்கிருச்சு. நான் வேற என்னக்கா நினைப்பேன்? செத்துப்போனவங்க பாதில விட்ட பின்னல மத்தவங்க முடிச்சுக் கொடுக்கற வீடியோலாம் வருதுல்ல, அதக்கூட எனக்கு அனுப்பி வச்சாரு. நான் சாமி விளக்கேத்தி, உங்க ஆத்மா சாந்தியடையணும்னு கும்பிட்டுட்டுத்தான் ஊசிய எடுத்தேன்."

சரவணா, நீ பொய் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அம்மாவால் முடியவில்லை என்று மட்டும்தான் சொன்னாய். ஆனால் அவள் உன் முகத்தைப் பார்த்து என்ன நினைத்துக்கொண்டாளோ அதைத்தான் நீ உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த வீடியோவை எனக்கும் காட்டினாளே அவள், செத்தவர்கள் விட்டுப்போன பின்னலை முடித்து யாரோ அனுப்ப, அதைப் பிரித்துப் பார்த்துப் பிள்ளைகள் அழுகிற வீடியோ. அதைப் பார்த்தவுடன் என் நினைப்பு வந்திருக்கிறது உனக்கு. நான் இங்கே பண்டமாரானில் பூனை துரத்திக்கொண்டிருக்கிறேன், அங்கே எனக்குக் காரியம் முடிந்துவிட்டது. இன்னொன்றும் சொல்கிறேன். நீ அழுதாய் என்பது எனக்குப் புதிது. எனக்கு நோய் என்று டாக்டர் சொன்ன அன்றுகூட நீ பார்க்கிங் டிக்கெட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தாய். முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் அழுதிருக்கிறாய், என் முன்னால் கைப்பேசியைப் பிடித்தாய். அழுவதென்றால் இங்கே வந்து அழு, நானும் கொஞ்சம் அழுவேன், பிறகு சாப்பிடுவோம்.

என் வரிசைகள் எங்கே என்று லலிதாவிடம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மேலே நன்றாக இருந்தது அக்கா, அதற்குக் கீழே கோணலாக இருந்தது, கோணலையெல்லாம் பிரித்துவிட்டு நல்லா இருக்கிற இடத்திலிருந்து போட்டுக்கொண்டு போங்கள் என்று தம்பி சொன்னார் என்றாள். பிரிக்கத் தனக்கு மனசே வரவில்லை என்றாள். ஒவ்வொரு கண்ணியும் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு போட்டது மாதிரி இருந்ததாம். ஆனாலும் கேட்டவர் பிள்ளையாயிற்றே என்று பிரித்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளிடம் வேலை கொடுத்தவன் நீ.

முடித்து வைத்தாய் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே போனபிறகுதான் தெரிந்தது, முதலில் அழித்திருக்கிறாய் என்று. மாத்திரைக்கும் நடுக்கத்துக்கும் நடுவில் நான் திருடித் திருடிச் சேர்த்த ஒரு வருடம். ஒரு மத்தியான நேரத்தில் நூலைப் பிடித்து இழுத்தால் வந்துவிட்டது. நல்லா இருக்கிற இடம் என்று நீ சொன்னது எதை? நோய் வருவதற்கு முன்னால் இருந்த அம்மாவை. அவளை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு வந்தவளைப் பிரித்துவிடச் சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு வந்தவள்தான் சரவணா இதை எழுதுகிறாள். மற்றவள் போய்விட்டாள், எனக்கும் அவள் இல்லாதது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போர்வையைக் கேட்டேன். லலிதா அலமாரியைத் திறந்து எடுத்து வந்தாள். ஊசி போட்டபடியே இருந்தது. ஒரு கண்ணிகூடத் தொடப்படவில்லை. "இதுல கோணல் இல்லாத இடமே இல்லக்கா. எங்கேருந்து பிரிக்கறது? முழுசா பிரிச்சா உங்க வேலன்னு ஒண்ணுமே இருக்காதே. தம்பிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அப்படியே வச்சிட்டேன்" என்றாள். நான் அந்தப் போர்வையை முகத்தில் வைத்துக்கொண்டு அவள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதேன். அவள் தன் ரவிக்கை வேலையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நானும் அங்கேயே ஒரு வரிசை போட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், என் ஊசி மூன்று தடவை நழுவியது, அவள் கை நீட்டவில்லை.

அதைப் பார்த்தபோது உன் அப்பா நினைவு வந்தது. பக்கவாதம் வந்து அவர் பேச்சு இழுத்துக்கொண்ட அந்தக் கடைசி வருடம். அவர் ஒரு வார்த்தையை ஆரம்பிப்பார், நீ முடிப்பாய். டிவியா, ஃபேனா, கால் வலிக்குதா. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நீ கெட்டிக்காரன், அன்பானவன், அவசரக்காரன். ஒருநாள் அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு "த... த..." என்றார். தண்ணியா என்று கேட்டு ஓடிப்போய்க் கொண்டுவந்தாய். அவர் அந்தத் தம்ளரைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், வாங்கிக் குடித்துவிட்டார். நீ போன பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இல்லை என்று. அவர் சொல்ல வந்தது தண்ணீர் இல்லை. என்ன என்று எனக்கும் தெரியாது, அதற்குப் பிறகு எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், அவர் சொல்லவில்லை. உன் மனசு நோகக் கூடாதென்று தாகமில்லாமல் குடித்தார் அந்த மனுஷன். இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். நான் அப்படிக் குடிக்கிற ஆள் இல்லை, அதனால் சொல்கிறேன்.

உனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அது பட்டன் போட அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நீ வேலைக்குக் கிளம்பி நிற்பாய், சாவி கையில் இருக்கும், அது மேல் பட்டனைக் கீழ் ஓட்டையில் போட்டுக்கொண்டிருக்கும். ஒரு வார்த்தையை ஆரம்பித்து வாயைத் திறந்தபடி நிற்கும். நீ அப்பாவிடம் செய்ததை அதனிடமும் செய்வாய், என்னிடம் செய்ததையும் செய்வாய், அதுவும் உன் சந்தோஷத்துக்காகச் சிரித்து வைக்கும். சிரிக்கிற பிள்ளை நன்றாக இருக்கிறது என்று நீ நினைத்துக்கொள்வாய். வேண்டாம்டா. சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நில். லேட்டானால் ஆகட்டும், உன் ஆபீஸ் ஓடிவிடாது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். சால்வையை நான் பிரிக்கப் போவதில்லை. லலிதாவின் உழைப்பு அதில் இருக்கிறது, சால்வையை அலசி அவளிடமே கொடுக்கப் போகிறேன், தைப்பூசத்துக்குப் பத்துமலைக் கோயிலுக்குப் போனால் குளிர் பஸ்ஸில் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு வேறு நூல் வாங்கி முதலிலிருந்து ஆரம்பிப்பேன், அது முடியலாம், முடியாமலும் போகலாம், அது என் பாடு. போர்வை என் மடியில்தான் இருக்கிறது. வளைகாப்புக்குள் முடியாது. ஊசியோடு கொண்டு வருவேன், அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து பின்னுவேன். குழந்தை பிறந்த பிறகும் பின்னிக்கொண்டிருப்பேன். பாதிப் போர்வையைப் போர்த்தினால் குழந்தைக்குப் பாதிக் குளிர் போகும்.

நேற்று மத்தியானம் ஷாமினி போன் செய்தாள். நீ ஆபீசில் இருந்திருப்பாய். நான் பிரிக்ஃபீல்ட்ஸ் போய்வந்த கதை முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"அத்தை, வளையல் நீங்களும் போடணும். எங்கம்மாகிட்ட பேசிட்டேன். யாரு என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கறேன். நீங்க போடாம நான் மனைய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதுகூட மனசில் முடிவில்லை. ஊர் வாய்க்குப் பயந்தேன் என்று நினைக்காதே. கண்ணாடி வளையலை விரலைக் குவித்துப் பிடித்துக் கையில் ஏற்ற வேண்டும், அது நடுங்காத கைக்கே சிரமம். எல்லார் கண்ணும் என் கையில்தான் இருக்கும். ஆனால் கோபத்தில் இவ்வளவு எழுதிய பிறகு பயப்படுவது வெட்கக்கேடு. வளையல் போட வரேன் என்று ஷாமினியிடம் நீயே சொல்லிவிடு.

பச்சை வளையல்தான் போடுவேன். மெதுவாகத்தான் போடுவேன். பின்னால் நிற்கிறவர்கள் காத்திருக்கட்டும். என் கை நடுங்கும், நீ பார்ப்பாய். ஓடிவந்து பிடிக்காதே.

அம்மா